அறிவொளி கணேஸ்வரன் கோயிலுக்குள் போன வெள்ளிக்கிழமை

லண்டன் ஹரோவில் வெள்ளிக்கிழமை பின்னேரம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் தரிசிப்பது முருகனை அல்ல, கணேஸ்வரனைத்தான். கோயிலின் பக்கச் சுவரோரம் எப்போதும் அதே இடத்தில் ஒரு பழைய நீலக் கார் நிற்கும். அதற்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் தேநீர்ப் பிளாஸ்க்கோடு, ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டு மனுசன் இருப்பார். மழை பெய்தாலும் இருப்பார், பனி கொட்டினாலும் இருப்பார். உள்ளே அவருடைய மனைவி துசியந்தி பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்துப் பதிகம் பாடுவார். பாடி முடித்து, நெற்றியில் வீபூதியோடு வந்து காரில் ஏறுவார். "போவமே?" என்று ஒருவர் கேட்பார். "ஓம்" என்று மற்றவர் சொல்வார். இருபது வருசத்துக்கு மேலாக இதே கூத்துத்தான்.

ஏன் அண்ணை உள்ளே வருவதில்லை என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்களுக்கு அன்றைக்குப் பூசையும் கிடைத்ததில்லை, பிரசாதப் புக்கையும் கிடைத்ததில்லை. காரின் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கும். அதோடு பதினெட்டாம் நூற்றாண்டும் இறங்கிவிடும்.

"ஐரோப்பாக்காரன் ஒரு காலத்தில எங்களைவிட மோசமா இருட்டுக்குள்ள கிடந்தவன்" என்று தொடங்குவார். "கொஞ்சப் பேர் எழும்பி லைட்டைப் போட்டினம். அதுதான் அறிவொளிக் காலம். லைட்டைப் போட்டதும் கடவுள் எழும்பி ஓடிட்டார். அவ்வளவுதான் கதை."

கதை அவ்வளவுதான் என்றாலும் சொல்லி முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அதனால்தான் சனம் அவருக்கு 'அறிவொளி' என்று பட்டம் வைத்தது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பெயரிலேயே பிள்ளையாரை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று யாராவது சீண்டினால், "அது அப்பா வைச்ச பேர், என்ர பிழையில்லை" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்.

ஆள் யார் என்று சொல்லவில்லையே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்து, சண்டையால் பாதியில் விட்டுவிட்டு அகதியாக வந்தவர். முதலில் பெற்றோல் ஸ்டேசன். பிறகு ஹரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் லாப் உதவியாளர். அமிலப் போத்தல்களையும் நுணுக்குக்காட்டிகளையும் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவது வேலை. வந்த புதிதில், குளிருக்கு ஒதுங்கிய பொது நூலகத்தில் ஐரோப்பிய வரலாறு பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. அதில் பாதியைப் படித்தார். மீதியை அவரே கட்டிக்கொண்டார்.

காருக்குள் குடியேறியது எப்படி என்றால், அது லண்டனின் வடக்கே எட்மண்டனில் நடந்த ஒரு கூட்டத்தால். கோயிலுக்குத் தேர் செய்வதைப் பற்றிய கூட்டம். இவர் அங்கே போனதே மரக்கறி ரோல்ஸுக்கு என்று சொல்பவர்களும் உண்டு. போனவர் சும்மா இருந்தாரா? எழும்பி, தேர் எதற்கு, பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கூடம் கட்டுங்கள் என்றார். கோயில் தலைவர் மணியத்தார் பொறுமையான மனிதர். "தம்பி, விஞ்ஞானம் படிச்ச வெள்ளைக்காரனும் சேர்ச்சுக்குப் போறவன்தானே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அதுதான் பிழை.

"அண்ணை" என்று கணேஸ்வரன் மேசையில் தட்டினார். "அந்த அறிவொளிக் காலத்துப் பெரிய விஞ்ஞானி ஒருத்தர், ஒரே ஒருத்தர், சாமி இருக்கிற கட்டடத்துக்குள்ள மரியாதையோட போய் இருந்தார் எண்டு காட்டுங்கோ பாப்பம். அண்டைக்கு நானும் உங்கட கோயில் வாசல் மிதிக்கிறன். அதுவரைக்கும் கார்ப்பார்க்தான்."

சனம் கைதட்டியது. மணியத்தார் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார். அவருக்குத் தேர்க் கவலை. சபையில் சொன்ன சொல்லாயிற்றே, இனிப் பின்வாங்க முடியுமா? அன்றிலிருந்து கார்ப்பார்க்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து, கலியாணம் கட்டிக் கொஞ்சக் காலமேயான, வெட்கத்தில் அவர் முன்னால் இன்னும் வாய்விட்டுப் பாடியிராத துசியந்தியிடம், "இனி வீட்டுக்குள்ள சாமிப்பாட்டு வேண்டாம்" என்றார். துசியந்தி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு "சரி" என்றார். துசியந்தி சரி என்றால் சரிதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் வாய்க்குள் முணுமுணுத்ததுகூட இல்லை. பாட்டெல்லாம் வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு என்று ஆகிவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் துசியந்தியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைரொய்ட். கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிறது, எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். குரல்நாணுக்குப் போகும் நரம்பு கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்கு மட்டும் குரல் பழையபடி வருவதில்லை என்று டொக்டர் இருவரையும் இருத்தி நிதானமாகச் சொன்னார். ஒப்பரேசனுக்கு நாளும் குறித்தார்.

திரும்பி வரும்போது மெற்றோபொலிற்றன் ரெயினில் துசியந்தி யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெம்பிளி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"அப்ப அடுத்த வெள்ளிதான்."

"என்ன அடுத்த வெள்ளி?"

"ஒப்பரேசனுக்கு முதல் பாடுற கடைசி வெள்ளி. பிறகு எப்பிடியோ ஆருக்குத் தெரியும்."

கணேஸ்வரனுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கடையிலும் கலியாண வீட்டிலும் சனம் அவரைப் பிடித்து, "உங்கட மனுசி என்ன மாதிரிப் பாடுறா" என்று சொல்லும்போதெல்லாம் அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டியிருக்கிறார். ஹரோ முழுக்கக் கேட்ட குரல். கட்டின மனுசன் மட்டும் கேட்டதில்லை. அந்தக் குரல் இன்னும் கொஞ்ச நாளில் இல்லாமலே போகலாம். போனால் போனதுதான்.

அன்றைக்குப் பின்னேரம் குசினியில் துசியந்தி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கணேஸ்வரன் தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி வந்தார்.

"இஞ்சரும், ஒருக்காப் பாடிக் காட்டுமன்."

"எதை?"

"அதுதான், வெள்ளிக்கிழமையில பாடுறதை."

துசியந்தி கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "இஞ்ச எனக்கு வராது. இந்த வீட்டில பாடிப் பழக்கமில்லை" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கணேஸ்வரன் பதிலுக்கு ஏதாவது கதைத்திருப்பார். இப்போது தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார். யாரிடமாவது சொல்லிப் போனில் பதிந்து தரக் கேட்கலாமா என்றும் யோசித்தார். கேட்டு வாய் மூடுவதற்குள், அறிவொளி சாமிப்பாட்டுக் கேட்கிறாராம் என்று கிழக்கு லண்டன் பார்க்கிங் ஊர் வரைக்கும் செய்தி போய்விடும். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அந்தச் சனிக்கிழமை அவருடைய 'அறிவொளி நடை' வந்தது. இதையும் சொல்லவேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, லண்டனுக்கு வந்த தமிழர்களைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள் நடப்பார். பழைய கோப்பிக் கடைகள் இருந்த சந்துகள், அச்சகங்கள் இருந்த தெருக்கள் எல்லாம் காட்டுவார். கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு முன்னால் உள்ள புல்தரையில், அந்தப் பெரிய தேவாலயத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்று, "இதுக்குள்ள ராசாமாரும் பாதிரிமாரும்தான் படுத்திருக்கினம். எங்கட ஆக்களுக்கு இதுக்குள்ள என்ன வேலை? வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்று முடிப்பார். எத்தனையோ வருசமாக இதைச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் கால் வலி என்பதால் ஒருவரும் மறுத்துக் கேட்டதில்லை.

அன்றைக்கு வந்தவர்களில் சுந்தரராஜன் என்று ஒருவர். பினாங்கிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவர், காப்புறுதிக் கம்பனியில் கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நடை முழுக்க வாய் திறக்காமல் வந்தவர், தேத்தண்ணி என்றதும் கையை உயர்த்தினார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். புவியீர்ப்புக் கண்டுபிடிச்சவரைப் பத்தி அவ்வளவு நேரம் சொன்னீங்க. அவரை எங்க அடக்கம் பண்ணியிருக்காங்க?"

"அது எங்கையாவது பல்கலைக்கழகத்தில இருக்கும்" என்றார் கணேஸ்வரன்.

"இல்லண்ணே. உங்க முதுகுக்குப் பின்னால."

மனுசன் திரும்பிப் பார்த்தார். அபே அங்கேயே நின்றது.

"வாங்க, உள்ள போய்ப் பார்ப்போம். டிக்கெட் நான் எடுக்கறேன்" என்றார் சுந்தரராஜன். மற்றவர்கள் தேநீருக்குப் போய்விட்டார்கள். கணேஸ்வரன் வாசலில் நின்று யோசித்தார். "ஆராய்ச்சிக்காகத்தான் வாறன்" என்று பொதுவாக ஒரு அறிவித்தல் விட்டுவிட்டு உள்ளே கால் வைத்தார்.

ஆள் அங்கேதான் இருந்தார். நடுக்கூடத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், பளிங்கில் சாய்ந்தபடி, தலைக்கு மேலே ஒரு பெரிய கோளத்தோடு. கீழே லத்தீனில் கல்வெட்டு. சுந்தரராஜன் போனில் மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்து வாசித்தார். இயற்கையையும் வேதத்தையும் விளக்கியவர், கடவுளின் மகிமையைத் தன் தத்துவத்தால் நிலைநாட்டியவர் என்ற பொருளில் போட்டிருக்கிறது என்றார்.

கணேஸ்வரன் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. "குடும்பக்காரர் எழுதி வைச்சிருப்பினம். செத்தவர் எழும்பி வந்து மறுக்கவே போறார்?"

"சரிதான். ஆனா அவரே பௌதிகத்தைவிட வேதத்தைப் பத்தித்தானே நிறைய எழுதி வச்சிருக்கார். ஆக்சிஜன் விஷயத்தில பேர் வாங்கினாரே ஒருத்தர், அவர் ஞாயிற்றுக்கிழமையானா பிரசங்கம் பண்ற பாதிரியார். நாங்க ஆபீஸ்ல தினமும் போட்ட நிகழ்தகவுக் கணக்குக்கு வழி காட்டினவரும் பாதிரியார்தான், இதே லண்டன்ல அடக்கம். பிரான்சில சர்ச்சைக் கிழிகிழின்னு கிழிச்ச ஒருத்தர், தன் ஊர்ல தானே ஒரு சர்ச் கட்டி, கடவுளுக்காக நான் கட்டினதுன்னு பேரும் போட்டுக்கிட்டார்."

"அப்ப கடவுள் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" கணேஸ்வரனின் குரல் இறங்கிவிட்டது.

"சொன்னவங்களும் இருந்தாங்க. கொஞ்சப் பேர்தான். மத்தவங்க சண்டை போட்டது சாமியோட இல்லண்ணே. சாமி பேரைச் சொல்லி அடுத்தவனை ஜெயில்ல போட்டவங்களோட. யாரோ சொன்னாங்கன்னு நம்பாதே, நீயே போய்ப் பாருன்னு சொன்னாங்க. அதுல சாமி கும்பிட்டவங்களும் சேர்த்தி, கும்பிடாதவங்களும் சேர்த்தி."

கணேஸ்வரன் பளிங்கு மனுசனைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நான் ஏன் இவ்வளவு காலமும் காருக்குள்ள இருந்தனான்?"

"எந்தக் காருண்ணே?" என்றார் சுந்தரராஜன்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஹரோ ஸ்டேசனில் இறங்கும்போது வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோசம் எட்டிப் பார்த்தது. எட்மண்டனில் கேட்ட ஆள் அகப்பட்டுவிட்டாரே. இனி மானம் போகாமல் வாசல் மிதிக்கலாம். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியில் அவர் இம்மியும் அசையவில்லை, அது வேறு வழக்கு. அவருக்கு வேண்டியது துசியந்தியின் பாட்டு. துசியந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தார், பாவம்.

வெள்ளிக்கிழமை வந்தது. துசியந்தி வழமைபோல இறங்கி உள்ளே போனார். கணேஸ்வரன் ரேடியோவை நிறுத்தினார். இறங்கினார். காரைப் பூட்டினாரா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் ஒரு தொண்டர் தயங்கித் தயங்கி, "அண்ணை, சேட்டையும் கழட்டவேணும்" என்றார். அங்கே ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போவதில்லை. கணேஸ்வரன் சட்டையைக் கழற்றினார். அதற்குள்ளே குளிருக்குப் போடும் தடித்த பெனியன். அதையும் கழற்றினார். பழைய தேவாலய மண்டபத்தை வாங்கிக் கோயிலாக்கிய இடம் என்பதால் ஹீற்றர் பாதிதான் வேலை செய்யும். வெறும் தொந்தியும் காற்சட்டையுமாக, புல்லரித்த தோளோடு அறிவொளி உள்ளே நுழைந்தார்.

எதிரே வீபூதித் தட்டோடு வந்த மணியத்தார் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் இப்போது எண்பது வயது நெருங்குகிறது.

"என்ன கணேஸ்? வீட்டில ஏதும்...?"

"ஒண்டுமில்லை அண்ணை. எட்மண்டனில கேட்டன்தானே, அந்த ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்."

"எந்த ஆளை?"

"சபையில சவால் விட்டனான். தேர்க் கூட்டத்தில."

மணியத்தார் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு எட்மண்டனும் நினைவில்லை, சவாலும் நினைவில்லை. "நீர் காலில வருத்தம் எண்டுதானே உள்ள வாறேல்லை? நான் அப்பிடியெல்லோ நினைச்சனான்" என்றார். உலகத்திலேயே அந்தச் சபதத்தை நினைவில் வைத்திருந்த ஒரே ஆள் கணேஸ்வரன்தான். அதைத் தாங்கிக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது.

அது பெரிய வித்துவக் குரல் அல்ல. மெல்லிய குரல், மேலே போகும் இடத்தில் கொஞ்சம் உடைந்தது. ஆனால் தயக்கமில்லாத குரல். வீட்டில் "பால் முடிஞ்சுது" என்றும் "ஷிப்ட் மாறிட்டுது" என்றும் சொல்லும் அதே தொண்டைக்குள் இப்படி ஒன்று இத்தனை காலமும் இருந்ததா என்று அவர் திகைத்துப்போனார். ஆளைப் பார்க்கவேண்டும்போல இருந்தது. சனத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார்.

துசியந்தி கண்ணைத் திறந்தார். கண்டார். பாட்டு அந்தச் சொல்லிலேயே அறுந்தது.

மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, சனத்துக்குள்ளால் விறுவிறென்று வந்து அவர் கையைப் பிடித்தார். முகம் வெளிறியிருந்தது.

"டொக்டர் உங்களுக்குத் தனிய என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"மறைக்காதேங்கோ. நீங்கள் சும்மா உள்ள வாற ஆள் இல்லை. கெட்ட கட்டியோ?"

"ஐயோ, இல்லையப்பா. அபேக்குள்ள போனனான். அந்தப் புவியீர்ப்புக்காரர் அங்கதான் படுத்திருக்கிறார். அவர் பக்திமானாம்."

இதைக் கேட்டு யாருக்குத்தான் பயம் தெளியும்? துசியந்தி பிடியை இன்னும் இறுக்கினார். "உண்மையைச் சொல்லுங்கோ" என்றார்.

"சத்தியமாச் சொல்லுறன்."

"எதில சத்தியம்? உங்களுக்குத்தான் ஒண்டுமில்லையே."

அது உண்மைதான். சத்தியம் பண்ண மனுசனிடம் ஒன்றும் இருக்கவில்லை. சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயர்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தரமாகக் கணேஸ்வரனிடம் ஒரு நூற்றாண்டும் கைவசம் இல்லை.

"உம்மட பாட்டுக் கேக்க வந்தனான்" என்றார். "ஊரெல்லாம் கேட்டிருக்கு, நான் கேக்கேல்லை. குரல் போயிடுமோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. வீட்டில பாட வேண்டாம் எண்டதும் நான்தான். அவ்வளவும்தான். வேற ஒண்டும் ஒளிக்கேல்லை."

துசியந்தி அவர் முகத்தையே பார்த்தார். அறிவொளிக்குப் பொய் சொல்ல வராது என்பது இத்தனை வருசம் கூடக் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா? கை மெல்ல இளகியது.

"காருக்குப் போகட்டோ?" என்று கேட்டார் கணேஸ்வரன்.

"வேண்டாம். அந்தத் தூணுக்கு அங்கால நில்லுங்கோ. நீங்கள் என்ர கண்ணில பட்டால் எனக்கு அழுகை வரும்."

அவர் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றார். துசியந்தி மைக்கை வாங்கி முதலிலிருந்து தொடங்கினார். கணேஸ்வரன் ஒரு சொல் விடாமல் கேட்டார். குளிர் தெரியவில்லை. கடவுளைப் பற்றி ஒரு யோசனையும் வரவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமைகளைச் செய்தி கேட்டே தொலைத்தேன் என்ற நினைப்புத்தான் வந்தது. கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையில் சட்டைகூட இல்லை. மணியத்தார் தன் சால்வையின் தலைப்பை நீட்டினார்.

காரில் ஏறிய பிறகு துசியந்தி பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, முன்னே பார்த்தபடி கேட்டார்.

"எப்பிடி இருந்தது?"

மேலே போன இடத்தில் சுருதி இரண்டு தரம் விலகியது. பொய் சொல்ல வராத மனுசன் ஸ்டியரிங்கைத் தடவினார்.

"ஒருக்காக் கேட்டுட்டுச் சொல்ல ஏலாது" என்றார். "இன்னும் கன வெள்ளி கேக்கவேணும்."

"குரல் திரும்பி வராட்டி?"

"வராட்டிலும் வந்து இருப்பன்."

"காருக்குள்ளயோ?"

"உள்ள. உமக்குப் பக்கத்தில."

துசியந்தி அப்போதுதான் அழத் தொடங்கினார். கணேஸ்வரன் காரை எடுக்காமல் அப்படியே இருந்தார்.